இணைய ஏலத்தில் போலித் தொலைநோக்கிகள்: அமலாக்க அதிகாரிகளுக்கும் ஏலத் தளத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் மதிப்பிற்குரிய அமலாக்க அதிகாரிகளுக்கும், மலேசியப் பயனீட்டாளர்களுக்கு இணைய ஏலத் தளங்களை நடத்தி வருவோருக்கும்,

வணக்கம்.

பெயர்பெற்ற நிறுவனங்களின் முத்திரையைத் தாங்கிய போலித் தொலைநோக்கிகள் இணைய ஏலத்தின் வழியாகத் தோட்டப்புறக் குடும்பங்களின் கைக்கு வந்து சேர்கின்றன. அவை போலி என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு இன்று முழுக்க முழுக்க வாங்கியவர் தலையில்தான் இருக்கிறது. ஆனால், நான் பார்த்த போலிகளில் பெரும்பாலானவற்றை ஏல விளம்பரத்தில் இருந்த சொற்களையும் எண்களையும் படித்தே போலி என்று சொல்லிவிட முடியும். அப்படிச் சொல்ல முடிகிற ஒன்றை ஏலத்தில் ஏறவிட்டு, பணம் கைமாறிய பிறகு வாங்கியவரைப் பார்த்து நிரூபிக்கச் சொல்வது முறையாகாது என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவில் வசிக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் பறவை நோக்கப் பழக்கிவிடும் சிறு குழு ஒன்றைக் கவனித்து வருகிறேன். எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காகச் செம்பனைத் தோட்டங்களில் நிறுத்தப்பட்டிருக்கும், கூகை ஆந்தைகளுக்கான கூட்டுப் பெட்டிகளைத் தொலைவிலிருந்து கவனிப்பதில் தொடங்கி, கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் சதுப்புநிலப் பறவைகள் வரையிலும், மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து தஞ்சோங் துவான் முனையில் கரையேறும் தேன் பருந்துகள் வரையிலும் எங்கள் பிள்ளைகள் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். இதற்கு அவர்களிடம் இருக்க வேண்டிய ஒரே கருவி ஒரு நல்ல இரட்டைத் தொலைநோக்கி.

அந்த ஒரு கருவியை வாங்கத்தான் எங்கள் ஊரில் வழியில்லை. தலைநகரில் இருப்பவர் புகைப்படக் கருவிக் கடைக்குப் போய், நான்கைந்து தொலைநோக்கிகளைக் கையில் எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். சந்தைக்கும் மளிகைக் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் வாழ்கிற எங்களுக்கு அசலைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. அசலைக் கண்டிராதவர் போலியை எப்படிப் பிரித்தறிவார்? எங்கள் மக்கள் ஏமாறுவதற்குப் பேராசையைக் காரணமாகச் சொல்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தகப்பனார் கைத்தொலைபேசியில் ஏலத்தைத் திறக்கிறார். பல ஆயிரம் ரிங்கிட் விலையுள்ள கருவி ஒன்று, பயன்படுத்திய பொருள் என்ற விளக்கத்தோடு, இருநூறு ரிங்கிட்டிலிருந்து கேட்கப்படுவதைப் பார்க்கிறார். ஏலத்தில் எதுவும் மலிவாகக் கிடைக்கக்கூடும் என்பதுதானே ஏலத்தின் இயல்பு? கடையில் அதே விலையை ஒட்டி வைத்திருந்தால் அவருக்கே ஐயம் வந்திருக்கும். போலி விற்பவர்கள் ஏலத்தை விரும்புவதற்கு இதுவே முதல் காரணம் என்று நான் கருதுகிறேன்.

எங்கள் குழுவில் ஆறாம் ஆண்டு படிக்கும் சிறுமி ஒருத்தி, தந்தை ஏலத்தில் எடுத்துக் கொடுத்த தொலைநோக்கியோடு வந்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தவள் கீழே இறக்கிவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “எனக்குத்தான் கண்ணு சரியில்லை போல, சார், எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது” என்றாள். கருவியை வாங்கிப் பார்த்தேன். மேலே ஜெர்மானிய நிறுவனத்தின் பெயர் வெள்ளைச் சாயத்தில் அச்சாகியிருந்தது. நகத்தால் கீறியதும் ஓர் எழுத்தின் கால் உரிந்து வந்தது. முன்வில்லைகள் கருஞ்சிவப்புக் கண்ணாடியைப் போல மின்னின. தோட்டத்து மின்கம்பியை நோக்கிப் பிடித்து, கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்த்தபோது, இடக்குழலில் வட்டத்தின் நடுவே ஓடிய கம்பி வலக்குழலில் விளிம்புக்குப் பக்கத்தில் ஓடியது. இரண்டு குழல்களும் இரண்டு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் குழந்தையின் கண்களில் எந்தக் குறையும் இல்லை. வேறொரு கருவியைக் கொடுத்ததும் செம்பருந்தின் வெள்ளைத் தலையை அவளே பார்த்துச் சொன்னாள். பணம் போனதைவிட, தன் கண்ணையே ஒரு பிள்ளை சந்தேகிக்க நேர்ந்ததுதான் என்னை இம்மடலை எழுத வைத்தது.

இனி, போலியை எப்படி அறிவது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தளத்தார் செய்யக் கூடியது எது, வாங்குபவர் மட்டுமே செய்ய முடிந்தது எது என்பது அப்போதுதான் விளங்கும்.

முதலில் எண்கள். தொலைநோக்கியின் மீது 8×42 என்று இருந்தால், அது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், அதன் முன்வில்லை 42 மில்லிமீட்டர் விட்டமுடையது என்பது பொருள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்வில்லையின் பின்னால் வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும், இங்கே 5.25 மில்லிமீட்டர். நம் கண்மணி நல்ல வெயிலில் இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கியும், இருட்டில் ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர்வரை விரிந்தும் இருக்கும் என்பதால், செம்பனை நிழலிலும் அந்திப் பொழுதிலும் பார்க்க இந்த அளவு நன்றாகப் பொருந்துகிறது. இப்போது ஏலத்தில் சாதாரணமாகக் காணப்படும் “100×22” என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். வகுத்தால் 0.22 மில்லிமீட்டர். நண்பகலிலும் அதன் வழியாக மங்கலைத் தவிர வேறொன்றும் தெரியாது. நூறு மடங்கு பெரிதாக்கினால் கையின் நடுக்கமும் நூறு மடங்காகும் என்பதால் முக்காலி இல்லாமல் எதையும் பார்க்கவும் முடியாது. சட்டைப் பைக்குள் அடங்கும் அத்தகைய கருவி உலகில் எந்த நேர்மையான நிறுவனத்திடமும் கிடையாது. உண்மையில் அந்தக் கருவிகள் எட்டு அல்லது பத்து மடங்கு காட்டினாலே பெரிது. இந்த வகுத்தலைச் செய்ய ஒரு கணினிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத் தளத்தாரே அறிவார்கள்.

அடுத்தது, இருக்கவே முடியாத பொருள்கள். கார்ல் ஸைஸ் 1846இல் யேனா நகரில் தொடங்கிய நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் ஒன்றும் மேற்கு ஜெர்மனியில் ஒன்றுமாகப் பிரிந்தது. கிழக்கில் இருந்ததன் தொலைநோக்கிகள் பலவற்றில் “கார்ல் ஸைஸ் யேனா” என்ற பெயரும், கிழக்கு ஜெர்மனியின் பெயர்ச்சுருக்கமான DDR என்ற மூன்று எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த நாடு 1990 அக்டோபர் 3ஆம் தேதியோடு இல்லாமற்போனது. ஆகவே அந்த மூன்று எழுத்துகளைத் தாங்கி, பளபளக்கும் புதிய பெட்டியில், “புத்தம் புதியது, இருபது கையிருப்பில் உள்ளது” என்று ஏலத்துக்கு வரும் தொலைநோக்கியைப் பற்றி மேலும் ஆராய ஒன்றுமில்லை. பழைய அசல் கருவிகள் சந்தையில் உண்டு, அவற்றில் சில இன்றும் மிக நல்ல கருவிகள். ஆனால் அவை தேய்மானத்தோடும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை எண்ணோடும்தான் வரும்.

வரிசை எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. எண் இல்லாவிட்டாலோ, ஒரே எண் பல விளம்பரங்களில் காணப்பட்டாலோ அது போலிக்கு வலுவான சான்று. எண் இருப்பது மட்டும் அசலுக்குச் சான்றாகாது. ஓர் அசல் கருவியின் எண்ணை ஆயிரம் போலிகளில் அச்சிட்டுவிடலாம். எனவே அந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு அனுப்பி, அது எந்த வகைக் கருவிக்கு உரியது என்று கேட்டு, கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே சரியான வழி. விற்பவர் வரிசை எண்ணைப் படம் எடுத்து அனுப்ப மறுத்தால் அத்தோடு விலகிவிடும்படி எங்கள் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் சொல்லி வருகிறேன்.

விளம்பரத்தின் சொற்களையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அசல் என்பதைக் குறிக்கும் “ஓரி” என்ற சொல்லை நான்கு முறை எழுதியிருப்பது, நல்ல நகல் என்பதைக் குறிக்கும் “குளோன் தரம்”, “ஏஏஏ தரம்” ஆகியவற்றை ஒரு மூலையில் எழுதியிருப்பது, நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் படத்தை மட்டும் போட்டுவிட்டுக் கையில் இருக்கும் பொருளின் படத்தைத் தவிர்ப்பது, சாதாரணக் கண்ணாடி வில்லைக்கு “இரவிலும் பார்க்கும் ஆற்றல்” என்று சொல்வது, ஏலத்தை முடிக்காமலேயே வாட்ஸ்அப்பில் பேசி முடிக்க அழைப்பது ஆகிய எல்லாமே பழகியவர் கண்ணுக்கு உடனே படுபவை. விற்பவருக்குக் கிடைத்துள்ள நல்ல மதிப்புரைகள் எந்தப் பொருளுக்காக எழுதப்பட்டவை என்றும் பார்க்க வேண்டும்; கைத்தொலைபேசி உறைகளை விற்றுச் சேர்த்த நற்பெயரை வைத்துத் தொலைநோக்கி விற்கிறவர்கள் பலர்.

பொருள் கைக்கு வந்த பிறகு செய்யும் சோதனைகள் வேறு. மின்கம்பிச் சோதனையை மேலே சொன்னேன். குழல்விளக்கின் கீழ் முன்வில்லையைப் பிடித்து, அதில் தெரியும் பிரதிபலிப்புகளைப் பார்க்க வேண்டும். ஒளி தெறித்து வீணாவதைக் குறைக்கும் நல்ல பலபடிப் பூச்சுள்ள வில்லையில் அவை மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். பூச்சில்லாத வில்லையில் விளக்கு வெள்ளையாக அப்படியே தெரியும். கண்ணைப் பறிக்கும் சிவப்புப் பூச்சு வெளிச்சத்தின் செந்நிறப் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் காட்சி நீலமும் பச்சையும் பாய்ந்ததாகிவிடுகிறது. பறவையை நிறத்தைக் கொண்டு அடையாளம் காண வேண்டியவருக்கு இது பெருங்கேடு. பிறகு, கருவியைக் கையை நீட்டிப் பிடித்து வெளிறிய வானத்தை நோக்கித் திருப்பினால், கண்வில்லையில் இரண்டு ஒளிவட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டப்பட்டுச் சதுரம் போலத் தோன்றினால் உள்ளே இருக்கும் முப்பட்டகம் மலிவானது அல்லது அளவில் சிறியது. மலிவான முப்பட்டகம் நேர்மையான மலிவுக் கருவிகளிலும் இருப்பதால், இது ஒன்றை மட்டும் வைத்துப் போலி என்று தீர்ப்பளிக்கக் கூடாது. அந்த வட்டத்தின் அகலத்தை அடிக்கோலால் அளந்து, கருவியின் மேல் எழுதியிருக்கும் எண்களை வகுத்து வரும் விடையோடு ஒப்பிடுவது இதைவிட நம்பத்தக்கது. எங்களிடம் வந்த ஒரு “10×50” கருவியில் ஐந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டிய வட்டம் மூன்றுகூட இல்லை. உள்ளே ஒரு கறுப்பு வளையத்தை வைத்து வில்லையின் பாதியை மறைத்திருந்தார்கள். நீர்புகாதது என்று எழுதியிருப்பதன் உண்மையை நம் ஊர் மழையும் புழுக்கமுமே சொல்லிவிடும். உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பி முறையாக அடைக்கப்பட்ட கருவியில் உட்புறம் பனி படியாது. போலியில் சில மாதங்களில் வில்லைக்குள் பூஞ்சணம் கிளைவிடத் தொடங்குகிறது.

இந்தச் சிக்கல் பறவை நோக்குவோருக்கு மட்டும் உரியதன்று. மேல்நாடுகளில் துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கிகளில் இது நெடுநாளாக நடந்து வருகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1907இல் தொடங்கப்பட்ட லூபோல்ட் நிறுவனம், தன் பெயரில் இணையத்தில் விற்கப்படும் போலிகளைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்ததோடு, தன் உத்தரவாதம் அவற்றுக்குச் செல்லாது என்றும் அறிவித்திருக்கிறது. அங்கே பல போலிகள் பொம்மைத் துப்பாக்கி விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவை. உண்மையான துப்பாக்கியின் உதைப்பைத் தாங்காமல் அவற்றின் குறிக்கோடு இடம் பெயர்ந்துவிடும். ஈயோடெக் நிறுவனத்தின் குறிநோக்கியில் லேசர் ஒளியால் உருவாகும் முப்பரிமாணப் பிம்பம்தான் குறியாகத் தெரியும்; போலியில் சாதாரணச் சிவப்புச் சிறுவிளக்கு ஒன்று இருக்கும், அதை முன்பக்கத்திலிருந்து பார்த்தாலே கண்டுகொள்ளலாம். டிரிஜிகான் நிறுவனத்தின் புகழ்பெற்ற குறிநோக்கியின் பெரும்பாலான வகைகளில் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயுவும் ஒளியிழையும் மின்கலம் இல்லாமலேயே குறிக்கு ஒளியூட்டுகின்றன. அதே தோற்றத்தில் வரும் போலியில் மின்கலம் போடும் மூடி இருக்கும். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ்க் காற்றுத் துப்பாக்கிக்குக்கூட உரிமம் வேண்டிய நம் நாட்டில் இவற்றை வாங்குவோர் மிகச் சிலரே. ஆயினும் இவற்றைக் குறிப்பிடக் காரணம் உண்டு: வெளித்தோற்றத்தை அப்படியே நகலெடுத்து உள்ளிருக்கும் ஒளியியலை விட்டுவிடும் அதே முறைதான் எங்கள் பிள்ளைகளின் கைக்கு வரும் தொலைநோக்கியிலும் கையாளப்படுகிறது.

சட்டத்தில் இதற்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டம் பொய்யான விவரிப்பைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டம் பொய் முத்திரையிட்ட பொருளை விற்பதைக் குற்றமாக்குகிறது. ஏலத்தின் விலையை ஏற்றிவிட விற்பவரே பொய்யாக ஏலம் கேட்க வைத்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம் என்பது 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது. இணையத்தில் விற்பவர் தம் பெயரையும் வணிகப் பதிவு எண்ணையும் தொடர்பு முகவரியையும் வெளியிட வேண்டும் என்பதும், சந்தைத் தளத்தை நடத்துபவர் விற்பனையாளரின் விவரங்களைப் பதிந்து வைத்திருக்க வேண்டும் என்பதும் 2013 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்த விதிமுறைகள் முதற்கொண்டே சொல்லப்பட்டு வருகின்றன. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை கோரலாம். எளிய மக்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கோரிக்கைப் பாரத்தில் எதிர்த்தரப்பின் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டும். ஏலத்தில் விற்றவருக்கு இருப்பதோ ஒரு புனைபெயரும் நான்கு எண்களும். அந்தச் சிறுமியின் தந்தை செம்பனை ஆலையில் இரவு நேர வேலை பார்ப்பவர். விடுப்பு எடுத்துக்கொண்டு பாரத்தை நிரப்ப உட்கார்ந்தார், அந்த இடத்தில் எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. அவர் பொருளை வாங்கிய தளத்திடம் விற்பனையாளரின் விவரத்தைக் கேட்டபோது, அது தனிப்பட்ட தகவல் என்ற பதில் வந்தது. ஐந்து ரிங்கிட்டில் கிடைக்கும் நீதி இந்த ஒரு வரியில் நின்றுபோகிறது.

தளத்தார் வேறொரு வழியைக் காட்டுகிறார்கள்: பொருளைத் திருப்பி அனுப்பினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். விற்றவர் வெளிநாட்டில் இருந்து, அங்கே திருப்பி அனுப்பும் அஞ்சல் செலவை வாங்கியவர் ஏற்க வேண்டியிருந்தால், மலிவான போலிக்கு அதுவே பொருளின் விலையை நெருங்கிவிடும் என்பது ஒருபுறமிருக்க, இதில் பெரிய தவறு ஒன்று உள்ளது. போலி முத்திரையிட்ட பொருள் அதை விற்றவரிடமே பத்திரமாகத் திரும்பிப் போகிறது. அடுத்த வாரம் அதே பொருள் அதே படத்தோடு மீண்டும் ஏலத்துக்கு வருகிறது. குறைகூறத் தெரிந்தவருக்குப் பணம் கிடைக்கிறது. தெரியாத அடுத்தவரிடம் அது போய்ச் சேர்கிறது. வணிகத் தகராறாக மட்டும் இதைப் பார்த்தால் இந்த ஏற்பாடு நியாயமாகத் தோன்றலாம். குற்றப் பொருளைக் குற்றம் செய்தவரிடமே ஒப்படைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

எனவே, ஏலத் தளத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் இது. பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயரில் ஒளியியல் கருவியை ஏலத்துக்குக் கொண்டுவருபவர், அந்தக் கருவியின் வரிசை எண் தெளிவாகத் தெரியும் சொந்தப் படத்தைக் கொடுத்த பிறகே விளம்பரம் வெளியாக வேண்டும்; ஒரே எண்ணோ ஒரே படமோ மறுபடியும் வந்தால் விளம்பரம் நிறுத்தப்பட வேண்டும். நடக்கவே முடியாத பெருக்க எண்களைத் தாங்கிய விளம்பரங்களை மேலே சொன்ன வகுத்தல் கணக்கைக் கொண்டே தடுத்துவிடலாம். போலி என்று உறுதியான பொருளை விற்றவருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்; பொருளை அமலாக்கப் பிரிவிடம் ஒப்படைக்கும்படி வாங்கியவரிடம் சொல்லுங்கள்.

அமைச்சின் அதிகாரிகளிடம் கேட்பது இன்னும் சுருக்கமானது. தீர்ப்பாயத்தில் கோரிக்கை தாக்கல் செய்ய முன்வரும் பயனீட்டாளருக்கு விற்பனையாளரின் பெயரையும் முகவரியையும் தளம் குறிப்பிட்ட நாள்களுக்குள் தர வேண்டும் என்றும், தராவிட்டால் தளமே எதிர்த்தரப்பாக நிற்க வேண்டும் என்றும் தெளிவாக விதியுங்கள். கடைகளில் சோதனை நடத்தும் உங்கள் அதிகாரிகள் அதே கண்டிப்போடு ஏல விளம்பரங்களையும் பார்வையிட வேண்டும். அதற்கு அவர்கள் இருக்கையை விட்டு எழுந்து வரவேண்டியதுகூட இல்லை. மாவட்ட அலுவலகங்களில் ஓர் அசல் தொலைநோக்கியும் ஒரு போலியும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டு, வருபவர் எடுத்துப் பார்க்க அனுமதிக்கப்பட்டால், எங்களைப் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு அதுவே பேருதவியாக இருக்கும்.

எங்கள் குழுவிடம் பெற்றோர்கள் ஒப்படைத்த போலிக் கருவிகள் பெட்டி, ரசீது, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு ஆகியவற்றோடு பத்திரமாக இருக்கின்றன. சான்றாகவோ காட்சிக்கோ பயன்படுமானால், அதிகாரி ஒருவர் கேட்டுக் குறிப்பு அனுப்பிய மறுநாளே அவற்றை நேரில் கொண்டுவந்து ஒப்படைக்க அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டப்புறப் பறவை நோக்கர் குழுவின் பொறுப்பாளர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.